கெருடோ நகரின் வாசல்: பெண்கள் மட்டும் வாழும் பாலை நகரத்தை ஒரு வீடியோ விளையாட்டு காட்டும் விதம்

கூதல்காற்று (ஹட்டன்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்ப் பாட ஆசிரியையாகப் பயிற்சி பெற்று வருகிறேன். தம்பி பாவித்த நிலையில் வாங்கிய நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில், 2017 இல் வெளிவந்த 'த லெஜண்ட் ஒஃப் செல்டா: ப்ரெத் ஒஃப் த வைல்ட்' என்ற விளையாட்டைக் கடந்த விடுமுறையில் ஆடத் தொடங்கி, கெருடோ பாலைவனம் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டேன். ஆட்டம் கடினமாக இருந்ததால் நின்றேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு காட்சி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெருடோ மக்கள் பெண்கள் மட்டுமே உள்ள ஓர் இனம். உயரமான, செந்தலை கொண்ட, ஈட்டியும் வாளும் பழகிய பெண்கள். அவர்களுடைய நகரத்துக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஆண்களை 'வோ' என்றும் பெண்களை 'வாய்' என்றும் தங்கள் மொழியில் குறிப்பிடுகிறார்கள். கதாநாயகன் லிங்க் வாசலுக்கு வந்ததும் காவற்பெண்கள் வழிமறிக்கிறார்கள். அவன் காரா காரா என்ற பாலைவனச் சந்தைக்குச் சென்று, அங்கே ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் நிற்கும் விலியா என்பவரிடம் 600 ரூபி (அந்த விளையாட்டின் காசு) கொடுத்துப் பெண் உடை வாங்கி, அதை அணிந்துகொண்டுதான் உள்ளே போக முடிகிறது. விலியா தன்னைப் பெண்ணென்றே சொல்லிக்கொள்கிறார். காற்றில் முகத்திரை விலகும்போது தாடி தெரிகிறது, லிங்க் திடுக்கிடுகிறான், ஆடுபவர்கள் சிரிக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் உள்ளே போன பிறகு நான் கண்ட நகரம் வேறு. சந்தை, பள்ளி, நகைக்கடை, தாயை இழந்து இளம் வயதிலேயே தலைமையேற்ற ரிஜு என்ற சிறுமி என்று எல்லாம் அக்கறையோடு படைக்கப்பட்டிருந்தன. உயர்தர மாணவர்களின் இலக்கிய மன்றத்தில் ஒரு மணித்தியாலம் இதைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்துள்ளது. இந்தச் சித்திரிப்பை மதிப்புக்குரியது என்று சொல்வதா, ஆண்களின் கற்பனைக்காகச் செய்த வேடிக்கை என்று சொல்வதா? இரண்டையும் சொல்லலாம் என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள். எங்கே எது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பழைய கார்ட்ரிட்ஜ் (கண்டி) எழுதுகிறார்:

நீங்கள் ஆடும் விளையாட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கெருடோ இனம் முதன்முதலில் வந்தது 1998 இல், நின்டெண்டோ 64 கருவிக்காக வெளியான 'ஒக்கரீனா ஒஃப் டைம்' விளையாட்டில். நான் அதை 2011 இல் வந்த 3டிஎஸ் பதிப்பில்தான் ஆடினேன். அங்கே கெருடோக்களுக்கு நகரமே கிடையாது. பாறைக் கணவாய்க்கு அப்பால் ஒரு கோட்டை. அதில் திருடர் கூட்டம். அவர்கள் என்ன சமைக்கிறார்கள், யாரிடம் விற்கிறார்கள், பிள்ளைகள் எங்கே என்று எதுவும் தெரியாது. நான்கு தச்சர்களைச் சிறைப்பிடித்து வைத்திருக்கிறார்கள். லிங்க் காவலர் கண்ணில் பட்டால் அவனையும் அறையில் அடைக்கிறார்கள். தச்சர்களை ஒவ்வொருவராக விடுவித்து முடிந்ததும், அவன் திறமையை மெச்சி உறுப்பினர் அட்டை கொடுக்கிறார்கள். அதன் பிறகு காவற்பெண்கள் அவனைத் தடுப்பதில்லை. வேடம் போடாமல், வீரத்தைக் காட்டி உள்ளே போவது அங்கே உள்ள முறை. உங்கள் விளையாட்டில் துணி வாங்கிப் போகிறோம். எது மேல் என்று எனக்கு இன்றும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பழைய விளையாட்டின் பெரிய குறை இதுதான்: அந்த இனத்தில் நூறு ஆண்டுக்கு ஒரு ஆண் பிறப்பான், பிறந்தவன் அரசனாவது சட்டம். அந்த ஒருவன்தான் கதையின் வில்லனான கானொன்டோர்ஃப். அதாவது, பெண்களே வாழும் ஒரு சமூகத்தைக் கற்பனை செய்த கையோடு, அதன் மிகப் பெரிய நாற்காலியை ஓர் ஆணுக்கு ஒதுக்கிவைத்துவிட்டார்கள். அதை மறுத்து நின்றவள் நபூரு. தானும் திருடிதான் என்றும், ஆனால் பெண்களிடமும் குழந்தைகளிடமும் பறிக்கிற, ஆட்களைக் கொல்கிற அவனைப் போன்றவள் அல்ல என்றும் அவள் சிறுவனான லிங்கிடம் சொல்கிறாள். அவ்வளவு தெளிவாகப் பேசியவளை, கானொன்டோர்ஃபை வளர்த்த இரண்டு சூனியக்காரிகள் பிடித்து மூளைச்சலவை செய்து, இரும்புக் கவசத்துக்குள் அடைத்துவிடுகிறார்கள். அவளை மீட்பதும் லிங்க்தான்.

2002 இல் வந்த 'விண்ட் வேக்கர்' விளையாட்டில் கானொன்டோர்ஃப் கடைசியில் தன் நாட்டைப் பற்றிப் பேசுவான். பகலில் எரிக்கும் காற்று, இரவில் குத்தும் குளிர்காற்று, இரண்டும் சாவையே கொண்டுவந்தன என்றும், பக்கத்து நாடான ஹைரூலின் பசுமையில் வீசும் காற்றின் மீது தான் ஆசைப்பட்டதாகவும் சொல்வான். அருமையான இடம், எனக்கு அவன் மீது இரக்கமே வந்தது. பிறகுதான் உறைத்தது: அதே காற்றில் அவனோடு சேர்ந்து வாழ்ந்தது ஒரு முழுப் பெண் இனம். அவர்களிடம் எந்த விளையாட்டும் அந்தக் காற்றைப் பற்றிக் கேட்டதில்லை, 2017 வரை.

இன்னொரு சிறு செய்தி. முதற்பதிப்பில் கெருடோக்களின் சின்னம் பிறையும் நட்சத்திரமுமாக இருந்தது. இஸ்லாமியச் சின்னத்தை ஒத்திருந்ததால் பின்னர் வேறு சின்னம் வைத்தார்கள். பாலைவனம், முகத்திரை, வளைந்த வாள், திருட்டு என்று ஒரு மக்களைப் பற்றிய பழைய மேற்கத்தியக் கற்பனையிலிருந்து இந்தப் பெண்கள் வெட்டியெடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லாமல் விடாதீர்கள்.

மடுவத்துத் தராசு (பொகவந்தலாவை) எழுதுகிறார்:

டீச்சர், நான் பெரிதாக விளையாடத் தெரிந்தவள் அல்ல. மகள் ஆடும்போது பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

நான் பத்தொன்பது வருடம் கொழுந்து பறித்தவள். மலையில் வரிசையாக நிற்பது முழுவதும் பெண்கள். அந்த வகையில் நாங்களும் ஒரு பெண்கள் நாடுதான். ஆனால் பின்னால் நின்று விரட்டுகிற கங்காணி ஆண். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசைப் பிடிக்கிறவர் ஆண். துண்டில் எழுதுகிறவர் ஆண். மழை நாளில் கூடையை இறக்கி வைத்தால், ஈரத்துக்கு என்று இரண்டு கிலோவைக் கழித்துவிட்டு, முள் நிற்பதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிடுவார்கள். முள் எங்கே நின்றது என்று எட்டிப் பார்த்ததற்காக ஒரு நாள் என்னை எல்லோர் முன்னிலையிலும் ஏசினார்கள். 1984 இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் என்று வந்த பிறகும் தராசு பிடிக்கும் கை மாறவில்லை.

அதனால் அந்த நகரத்துக்குள் மகள் நுழைந்தபோது நான் முதலில் பார்த்தது ஈட்டியை அல்ல. பழக்கடையில் விலையைச் சொல்கிறவளும் காசை வாங்குகிறவளும் ஒரே பெண். நகை செய்கிறவளே விற்கிறாள். நகருக்கு வெளியே உள்ள பனிக்கட்டிக் கிடங்குக்குப் பொறுப்பும் ஒரு பெண். தலைவிக்குக் காவல் நிற்கும் புலியாராவும் பெண். யாருடைய தோளுக்கும் பின்னால் ஒரு கங்காணி இல்லை. மகள் அடுத்த இடத்துக்குப் போக அவசரப்பட்டாள். கொஞ்சம் நில், இந்தச் சந்தையையே ஒரு சுற்று நடக்க விடு என்று நான்தான் கேட்டேன். இன்னொன்றும் கண்டேன். அரண்மனைக்குப் பின்னால் உள்ள பாறையிலிருந்து வரும் தண்ணீர், வாய்க்காலாக நகரின் மதில்களுக்கு மேலேயே ஓடுகிறது. பீலிக்கரையில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய ஆடம்பரம் என்று தெரியும்.

குறையும் உண்டு. கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் ஒருத்தியைக்கூட அங்கே நான் காணவில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் இருந்தால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக்காம்பரா இருக்க வேண்டாமா? அதை யோசித்திருந்தால், இந்த நகரத்தைக் கட்டியவர்கள் பெண்களிடம் கேட்டுத்தான் கட்டினார்கள் என்று நம்பியிருப்பேன்.

இஸ்தோப்பு (பதுளை) எழுதுகிறார்:

மேலே எழுதிய அக்காவின் பதிவைப் படித்த பிறகு நானும் எழுத நினைத்தேன். என் அம்மா குவைத்தில் ஏழு வருடம் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவர். நான் பாட்டியிடம் வளர்ந்தேன். இந்த விளையாட்டை வாங்கிய வாரத்தில் அம்மா வந்து பக்கத்தில் அமர்ந்து, பாலைவனப் பகுதி முழுவதையும் பார்த்தார்.

முதலில் கேட்ட கேள்வி: "இந்த வெயிலில் வயிற்றைத் திறந்துவிட்டு நடக்க யாரால் முடியும்?" குவைத்தில் தான் கண்ட வெயிலில் உடம்பின் எந்த இடம் திறந்திருந்தாலும் அது காய்ந்து எரியும் என்றும், அங்கே எல்லோரும் தளர்ந்த துணியால் மூடிக்கொள்வது வெட்கத்துக்காக மட்டும் அல்ல, தோலைக் காப்பாற்றவும்தான் என்றும் சொன்னார். விளையாட்டில் நகைச்சுவை என்னவென்றால், லிங்க் வாங்கும் அந்த இடை தெரியும் பெண் உடைக்கு வெப்பத்தைத் தாங்கும் சக்தி இருக்கிறதாம். கணக்கு எப்படியோ சரியாகிவிடுகிறது. இந்த உடை பாலைவனத்திலிருந்து வந்ததல்ல. அந்தப்புரங்களைக் கற்பனையில் தீட்டிய ஐரோப்பிய ஓவியங்களிலிருந்தும் அவற்றைப் பின்பற்றிய திரைப்படங்களிலிருந்தும் வந்தது. உண்மையான சகாராவில் வாழும் துவாரெக் மக்களிடையே முகத்தை மறைத்துக்கொள்வது ஆண்கள். கூடாரம் மனைவியின் உடைமை, மணமுறிவு ஏற்பட்டால் அது அவளோடு போகும். இதைவிட வியப்பான ஒரு பெண் உரிமையை எந்த விளையாட்டும் கற்பனை செய்யவில்லை.

ஆனால் அம்மா ஓர் இடத்தில் அசையாமல் இருந்தார். நகரத்தில் ஒரு வகுப்பறை உண்டு. வெளியூருக்குப் போய் ஆண்களிடம் எப்படிப் பேசுவது, எப்படிப் பழகுவது என்று இளம் பெண்களுக்குப் பாடம் நடக்கிறது. கெருடோ பெண்கள் வயது வந்ததும் கணவனைத் தேடி உலகம் சுற்றப் போக வேண்டும் என்பது வழக்கம். இணையத்தில் பலர் இதை வெறும் கேலி என்று ஒதுக்குகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா சொன்னது வேறு: "போவதற்கு முன்னால் எங்களுக்கும் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வோஷிங் மெஷினை எப்படிப் போடுவது, மேசையை எப்படி வைப்பது என்று. அந்த வீட்டு ஆண்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை."

அந்த வகுப்பறையை நான் அதற்குப் பிறகு சிரிப்போடு கடந்ததில்லை.

கூத்து வாத்தியார் பேரன் (தலவாக்கலை) எழுதுகிறார்:

கேட்டவர் தமிழாசிரியை என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. என் தாத்தா தோட்டத்தில் அருச்சுனன் தபசு கட்டியவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை இருந்தது. அல்லி மதுரையை ஆண்டவள். அமைச்சும் படையும் காவலும் பெண்கள். ஆண் வாடையே ஆகாதவள். அவளை அடைய அருச்சுனன் என்ன செய்தான்? பாம்பாக உருமாறி அவளுடைய படுக்கையறைக்குள் நுழைந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலியைக் கட்டிவிட்டான். நாங்கள் சிறுவயதில் இதைக் கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். இன்று கேட்டால் பொலிசுக்குப் போக வேண்டிய விஷயமாகத் தெரிகிறது.

பெண்களின் நாடு என்று ஒன்றைக் கதைசொல்லி படைத்துவிட்டால், அடுத்த வரியிலேயே அதற்குள் ஓர் ஆண் எப்படி நுழைந்தான் என்பதுதான் கதை. மதில் எழுவதே தாண்டுவதற்காக. இந்தக் கண்ணோடு பார்த்தால் உங்கள் விளையாட்டு அல்லி கதையின் பேரப்பிள்ளைதான். ஆயினும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு: லிங்க் உள்ளே போவது எவளையும் அடைவதற்காக அல்ல. யிகா கூட்டம் திருடிச் சென்ற இடித் தலைக்கவசத்தை மீட்டுக்கொடுக்க, வா நபோரிஸ் என்ற ஒட்டக வடிவ எந்திரத்தை அடக்க உதவி செய்ய, அவ்வளவுதான். ரிஜு அவன் யாரென்று கண்டுகொள்கிறாள். கண்டுகொண்டும் வெளியே தள்ளாமல், நாட்டுக்குப் பயன்படுவானா என்று கணக்குப் போடுகிறாள். ஏமாந்தவளாக அவளை வைக்கவில்லை. அல்லிக்குக் கிடைக்காத மரியாதை அது. நகருக்குள் வேடத்தைக் கலைத்தால் காவலர்கள் உடனே வெளியே தள்ளிவிடுகிறார்கள். அருச்சுனனை யாரும் அப்படித் தள்ளவில்லை.

விலியா காட்சியைப் பற்றி மட்டும் நான் சமாதானமாக எழுத முடியாது. கூத்தில் பெண் வேடம் கட்டுகிற ஆண்களோடு வளர்ந்தவன் நான். தாத்தாவின் செட்டில் திரௌபதி வேடம் கட்டியவர், ஒப்பனை கலைந்த பிறகும் பெண்களோடு அமர்ந்து சோறு சாப்பிடுவார், ஒருவரும் சிரித்ததில்லை. தாடியைக் காட்டிச் சிரிக்க வைத்தது சோம்பேறித்தனம்.

நேர்ப்பாதை (பண்டாரவளை) எழுதுகிறார்:

எல்லோரும் ஆழமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு விதியை அளவுக்கு மீறிச் சந்தேகப்படுகிறீர்களோ என்று தோன்றுகிறது. ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்பது விசித்திரமான கற்பனை அல்ல. கென்யாவின் சம்புரு வறட்சிப் பகுதியில் உமோஜா என்ற கிராமம் 1990 இல் தொடங்கப்பட்டது. வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்கள் மட்டும் அங்கே வாழ்கிறார்கள். மணிமாலை கோர்த்து விற்கிறார்கள். ஆண்கள் வந்து பார்க்கலாம், தங்க முடியாது. அங்கே அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. கெருடோ நகரத்தின் விதிக்குக் காரணம் என்ன? விளையாட்டு அதை எனக்குத் திருப்தியாகச் சொல்லவில்லை. மதிலைச் சுற்றி ஓடிக்கொண்டும் உள்ளே நுழைய வழி தேடிக்கொண்டும் இருக்கிற ஆண்களைப் பார்த்தால் விதி சரி என்றுதான் படுகிறது, அது வேறு.

டீச்சர், நீங்கள் 2023 இல் வந்த 'டியர்ஸ் ஒஃப் த கிங்டம்' விளையாட்டை ஆடவில்லை என்று நினைக்கிறேன். அதில் மணல்மூட்டம் நகரை விழுங்கிவிட, மக்கள் நிலத்தடிப் புகலிடத்துக்குள் போய்விடுகிறார்கள். லிங்க் வேடம் போடாமலே அங்கே போகிறான். ஆபத்து வந்தபோது விதியைத் தளர்த்த அவர்களே முடிவு செய்கிறார்கள். உடை வாங்கும் காட்சியை நீக்கிவிட்டு, அதைவிட நல்ல காரணத்தை வைத்துவிட்டார்கள்.

அதே விளையாட்டில் டாரி என்ற ஊரில் ஹட்சன் என்கிற கட்டடக்காரன் இருக்கிறான். முந்தைய விளையாட்டில் அவனுக்கும் ரொண்ட்சன் என்ற கெருடோ தையற்காரிக்கும் திருமணம் செய்துவைத்ததே நாம்தான். இப்போது அவர்களுக்கு மாட்டிசன் என்று ஒரு மகள். கெருடோ வழக்கப்படி அந்தச் சிறுமி தாயின் நகரத்துக்குப் போய் வளர வேண்டும். தகப்பன் அந்த வாசலைத் தாண்ட முடியாது. அவள் கெருடோ மொழிச் சொற்களைப் பாடமாக்கிக்கொண்டு பலூனில் ஏறிப் போகும்போது, அந்தப் பெரிய மனிதன் தரையில் நிற்கிறான். பெண்கள் சமூகத்தின் விதி ஒன்று ஓர் ஆணைத் தொடும்போது அது காமமாகவோ கேலியாகவோ இல்லாமல், ஒரு தகப்பனின் பிரிவாக வருவது இந்தத் தொடரிலேயே நான் கண்டது இந்த ஒரு முறைதான்.

கூதல்காற்று (ஹட்டன்) மீண்டும் எழுதுகிறார்:

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எங்கே எது என்று கேட்டிருந்தேன். இப்போது ஓரளவு பிரித்துப் பார்க்க முடிகிறது. வாசலை ஒட்டி நிகழ்பவை பெரும்பாலும் வெளியே நிற்பவனுடைய கதை: உடை, தாடி, மதிலைச் சுற்றும் ஆண்கள். வாசலைத் தாண்டிச் சந்தைக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் நடப்பவை அங்கே வாழ்கிறவர்களின் கதை. பொகவந்தலாவை அக்கா சொன்னது போல, அவசரப்படாமல் ஒரு சுற்று நடந்தால்தான் இரண்டாவது கதை கண்ணில் படும். வகுப்பறையைப் பற்றி நான் தவறாக நினைத்திருந்தேன் என்பதையும் பதுளைச் சகோதரிக்கு ஒப்புக்கொள்கிறேன்.

தமிழ் படிப்பிக்கிறவளாக எனக்கும் ஒன்று தோன்றுகிறது. நம் அகப்பாடல்களில் பாலை என்பது பிரிவு. பொருள் தேடிப் போகிறவன் தலைவன். வழியிலே கொள்ளையிடும் எயினரும் அவர்கள் வணங்கும் கொற்றவையும் இருப்பார்கள். தலைவி வீட்டிலிருந்து நாள் எண்ணுவாள். ஒக்கரீனாவின் திருடிகள் எயினரைப் போலத்தான் இருக்கிறார்கள், கொற்றவை மட்டும் குறைகிறாள். 2017 விளையாட்டிலோ பாலை என்பது வீடு. புறப்பட்டுப் போகிறவள் பெண். நம் மலையிலிருந்து பாலைக்குப் போனவர்களும் பெண்கள்தான். நாள் எண்ணியவர்கள் பிள்ளைகளும் பாட்டிகளும். இதை எந்தத் திணையில் வைப்பது என்று மாணவர்களிடமே கேட்கப் போகிறேன்.

பாடசாலையில் புரொஜெக்டர் இல்லை. ஆகவே தம்பியின் கருவியை மேசையில் வைத்து, ஐந்தைந்து பேராகச் சுற்றி நிற்கவைத்துக் காட்டுவதாக முடிவு செய்துள்ளேன். விலியா காட்சியைக் காட்டமாட்டேன். தாடிக்குச் சிரிக்கும் வகுப்பை மறுபடியும் பேச்சுக்குக் கொண்டுவர ஒரு மணித்தியாலம் போதாது. சந்தையும் வகுப்பறையும் கட்டாயம் உண்டு. மாட்டிசன் பலூன் ஏறும் இடத்தைச் சேமித்து வைத்திருக்கிற ஒருவர் ஹட்டன் பக்கம் வருவதாக இருந்தால், தயவுசெய்து தனிச்செய்தி அனுப்புங்கள். என் கையில் அந்த விளையாட்டு இல்லை, வாங்கி அவ்வளவு தூரம் ஆடி முடிக்கத் தவணையும் பொறுக்காது.